கூப்பிட்டால் வரும்

எங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. தெருநாயைப் பார்த்தால் தின்ன எதையோ எறிவதுபோல் கையை ஓங்குவார். நாய் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிப்போய்த் தரையெல்லாம் மோந்து பார்க்கும். அங்கே ஒன்றும் இருக்காது. அது திரும்பி வந்து இவர் முகத்தைப் பார்க்கும்போது இவருக்கு ஒரு சிரிப்பு வரும். இருபது வருஷம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். மாஸ்டர் ஒரே நாளில் மாற்றினார்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தோம். இவர் கையை ஓங்கினார், நாய் ஓடியது. பின்கட்டிலிருந்து வந்துகொண்டிருந்த மாஸ்டர் அதைப் பார்த்து நின்றார். நேரே தெருமுனைக் கடைக்கு நடந்தார். அப்போதே அவருக்கு எழுபதை ஒட்டி வயது. இடது காலைச் சாய்த்துச் சாய்த்துத்தான் நடப்பார். ஒரு பொட்டலம் பொறை பிஸ்கட் வாங்கி வந்து, நாய் எந்த இடத்தில் தேடியதோ அதே இடத்தில் ஒன்றை வைத்தார். நாய் தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

"சார் கூப்பிட்டாரு, அது நம்பி ஓடிச்சு. அது ஓடுனது பொய்யாப் போவக்கூடாது சார்," என்றார்.

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. சட்டைப் பொத்தான் திறந்திருக்கிறது என்று சொல்வதுபோல் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எங்கள் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அதற்குப் பிறகு அவர் எந்த நாய்க்கும் வெறுங்கையை ஓங்கியதில்லை.

மாஸ்டர், கடலூர் ஓ.டி. என்கிற பழைய நகரத்தில் எங்கள் வீட்டின் பின்கட்டில் இரண்டாயிரத்து ஆறிலிருந்து ஐந்து வருஷம் குடியிருந்தவர். சர்க்கஸில் மிருகங்களைப் பழக்குவதுதான் அவருடைய ஆயுள்கால வேலை. அந்த வேலைக்காரரைச் சர்க்கஸில் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்களாம். எங்களுக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. அண்ணாகிராமத்துப் பக்கம் முந்திரி வைத்திருந்த குடும்பம். கடலூரில் கூடாரம் போட்டிருந்த ஒரு சர்க்கஸோடு சின்ன வயதில் கிளம்பியவர், ஊரெல்லாம் சுற்றிவிட்டு அதே கடலூருக்குத் திரும்பி வந்திருந்தார். மனைவி இல்லை. ஒரே மகள் சிதம்பரத்தில் இருந்தாள்.

வந்த அன்று அவருடைய சாமான் முழுவதும் ஒரு ஆட்டோவுக்குள் அடங்கிவிட்டது. ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு மடக்குக் கட்டில், ஈரத்துணி போர்த்திய ஒரு பிரம்புக் கூடை. கூடையை மட்டும் அவரே மடியில் வைத்துக் கொண்டுவந்தார். துவைக்கிற கல்லின்மேல் அதை வைத்துத் துணியை விலக்கினார். உள்ளேயிருந்து பச்சையாக ஒரு தலை எழும்பி என்னைப் பார்த்தது. ஐயோ உடும்பு என்று கத்திவிட்டேன்.

"உடும்பு இல்லீங்க, இகுவானா. வெளிநாட்டுது. பாண்டிச்சேரியில ஒரு வெள்ளைக்காரரு வச்சிருந்தாரு, ஊருக்குப் போவும்போது என்கிட்ட குடுத்துட்டாரு. எல தழைதான் துன்னும்."

நான் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறவள். பள்ளி லேபில் ஃபார்மலின் ஜாடிக்குள் ஒரு உடும்பு இருக்கிறது. அந்த ஜாடியைத் துடைத்து வைப்பதே நான்தான். என்னிடம் ஒருவர் உடும்பு இல்லை என்று சொல்வதா? சுவாலஜி டீச்சருக்கே பாடம் நடத்துகிறீர்களே மாஸ்டர் என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். வாதம் பண்ணுவது அவர் வழக்கமில்லை.

எனக்கு வாய் ஜாஸ்தி. மறுநாளே வகுப்பில் கதையை எடுத்துவிட்டேன். எங்கள் வீட்டில் ஒரு உடும்பு இருக்கிறது, ஒன்றேகால் மீட்டர் நீளம், அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் சட்டப்படி குற்றம், ஆனால் பாவம் வயதானவர் ஆசையாக வைத்திருக்கிறார் என்று அளந்தேன். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். இரண்டு வாரம் கழித்து நூலகத்தில் ஒரு புத்தகத்தைப் புரட்டும்போது மாஸ்டருடைய பிராணியின் படம் கண்ணில் பட்டது. முதுகு நெடுக முள் வரிசை, தாடைக்குக் கீழே தொங்கும் தோல், கன்னத்தில் வட்டமாக ஒரு பெரிய செதில். உடும்புக்கு இதில் ஒன்றும் கிடையாது. மாஸ்டரிடம் போய், நீங்கள் சொன்னதுதான் சரி என்று ஒத்துக்கொண்டேன். வகுப்பில் மட்டும் சொல்லவில்லை. அத்தனை பிள்ளைகள் முன்னால் நின்று தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? பரீட்சைக்கு வரப்போகிற விஷயமா என்ன என்று விட்டுவிட்டேன். அடுத்த வருஷத்துப் பிள்ளைகளிடம், வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அதே கதையை மறுபடியும் சொன்னேன். அவ்வளவு நல்ல கதை அது.

துரை என்பது அதன் பெயர். வெள்ளைக்காரர் கொடுத்ததால் மாஸ்டர் அப்படி வைத்தார். பகலெல்லாம் பின்பக்கத்து முருங்கை மரத்தில் இருக்கும், பொழுது சாய்ந்தால் மாஸ்டர் அறைக்குள் வந்துவிடும். காலை வெயிலில் கிளையோடு கிளையாக வயிற்றைப் பரப்பிக்கொண்டு படுத்திருப்பதைப் பார்த்தால் ரிட்டயர் ஆன பெரிய அதிகாரி மாதிரியேதான் இருக்கும். எங்கள் வீட்டுக்காரர் குடிகாட்டில் ஒரு ரசாயனக் கம்பெனியில் ஷிஃப்ட் பார்ப்பவர். ஆசிட் டேங்க் பக்கத்தில் நின்று வேலை செய்கிற மனிதர், பின்பக்கத்துக் குளியலறைக்குப் போவதற்கு முன் கதவைப் பாதி திறந்து, "துரை கீழ இருக்காரா?" என்று பியூன் மாதிரி கேட்டுவிட்டுத்தான் போவார். துரை அவ்வப்போது தும்மும். தெற்கத்திக் காற்றில் குடிகாட்டு வாடை வருகிற அன்று தும்மினால் இவருக்குக் குற்ற உணர்ச்சியாகிவிடும். அது உடம்பில் சேர்ந்த உப்பை மூக்கு வழியாகத் தள்ளுகிறது, உங்கள் கம்பெனி காரணமில்லை என்று மாஸ்டர் ஒவ்வொரு முறையும் பொறுமையாகச் சொல்லுவார்.

உடும்பு என்று கேள்விப்பட்டு ஆட்கள் வந்ததும் உண்டு. முதுகுவலிக்கு ரத்தம் கிடைக்குமா என்று ஒருவர் புதுநகரத்திலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வந்தார். மாஸ்டர் அவருக்கு டீ போட்டுக்கொடுத்து, துரைக்கு முருங்கைக்கீரை ஊட்டச் சொல்லி ஒரு கொத்தைக் கையில் கொடுத்தார். துரை அதை வாங்கித் தின்றது. ஊட்டிய கையோடு அதன் ரத்தத்தை எப்படிக் கேட்பது என்று அந்த மனிதர் முதுகைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

துரையைக் கூப்பிட மாஸ்டர் ஒரு முறை வைத்திருந்தார். ஒரு வெள்ளை எனாமல் தட்டு. அதில் முதலில் செம்பருத்திப் பூவை வைப்பார். பிறகு விரலால் தட்டின் விளிம்பில் மூன்று தட்டு, நாக்கால் ஒரு சொடுக்கு. துரை உச்சிக் கிளையில் இருந்தாலும் தலையைத் திருப்பும், இறங்கும், அவர் முட்டியில் ஏறி உட்காரும், பிறகுதான் பூவைத் தின்னும். பூ வைக்காமல் தட்டை அவர் தொட்டதே இல்லை. ஒரு ஐப்பசியில் விடாமல் மழை பெய்து செடியில் ஒரு பூ இல்லை. துரை மரத்திலேயே நனைந்துகொண்டிருந்தது. உள்ளே கூப்பிட்டுவிடுங்கள் மாஸ்டர், ஒருநாள் பூ இல்லாவிட்டால் என்ன என்றேன். காது கேட்காதவர்போல் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். முக்கால் மணி நேரம் கழித்து எங்கிருந்தோ இரண்டு பூவோடு வந்து, அதற்கப்புறம்தான் தட்டினார்.

மிருகத்துக்கு ஒரு நியாயம், மனிதனுக்கு ஒரு நியாயம் என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை. அதனால் தெருவில் அவருக்குக் கொஞ்சம் கெட்ட பெயரும் உண்டு. கல்யாணப் பத்திரிகை நீட்டினால் நாமெல்லாம் என்ன சொல்வோம்? கட்டாயம் வரேன் என்போம், போகவும் மாட்டோம். அவர் பத்திரிகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நான் வரமாட்டேம்மா, புள்ளைங்க நல்லா இருக்கட்டும் என்பார். சீமந்தத்துக்குக் கூப்பிட வந்த ஒரு அம்மா அதற்குப் பிறகு அவரோடு பேசவே இல்லை. ஆனால் வரேன் என்று சொன்ன இடத்துக்குக் காய்ச்சலோடும் போய் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டுப் பெண் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குப் போவாள். இரண்டு வயதுக் குழந்தையை மாமியார் வாசலில் காக்கா காட்டிக்கொண்டிருக்கும்போது இவள் பின்வாசல் வழியாக நழுவிவிடுவாள். குழந்தை உள்ளே வந்து அம்மாவைத் தேடும். ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்க்கும். இதை ஒரு வாரம் பார்த்த மாஸ்டர், ஒருநாள் காலையில் அந்தப் பின்வாசலில் போய் நின்றுகொண்டார்.

"சொல்லிட்டுப் போம்மா. அழுதா அழுவட்டும். நீ இப்பிடிப் போனா, நீ இருக்கும்போதே அது உன்னத் தேடும்."

அந்தப் பெண்ணுக்கு வந்ததே கோபம். என் பிள்ளையை வளர்க்க எனக்குத் தெரியும், இது என்ன குரங்கா கரடியா என்று கேட்டுவிட்டாள். அவர் நகரவில்லை. வேறு வழியில்லாமல் அவள் வாசலுக்கு வந்து குழந்தையிடம் சொன்னாள். நாலு நாள் தெருவே அதிர அழுதது. ஐந்தாம் நாள் கையை ஆட்டியது. ராத்திரியில் தூக்கத்தில் எழுந்து தேடுவதும் நின்றுவிட்டதாக அவளே என்னிடம் வந்து சொன்னாள். மாஸ்டரிடம் போய்ச் சொல்லேன் என்றதற்கு, போங்க டீச்சர், அவுருகிட்ட எப்பிடிச் சொல்றது என்று வெட்கப்பட்டாள்.

இப்படி ஒரு மனிதர் எப்படி ஆனார் என்று எனக்குப் பிடிபடாமலே இருந்தது. ஒரு மத்தியான வேளையில், முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, கடைசியாகப் பழக்கிய மிருகம் எது என்று கேட்டேன். சிங்கம் என்றார். சர்க்கஸில் சிங்கம், கரடியெல்லாம் வைத்திருக்கக் கூடாது என்று அரசாங்கம் சொன்ன பிறகு அவற்றை ஏற்றிப் போக ஒரு கூண்டு லாரி வந்திருக்கிறது. ஏழு சிங்கம். வந்த ஆட்களைப் பார்த்து ஒன்றும் ஏறவில்லை. முதலாளி மாஸ்டரிடம் அவற்றைக் கூப்பிடச் சொன்னார். ஊர் ஊராகப் போகும்போதெல்லாம் மாஸ்டர்தான் அவற்றைப் பெயர் சொல்லி லாரியில் ஏற்றுவார், அதே லாரியில் தானும் ஏறிக்கொள்வார். அன்றைக்கும் ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னார். ஏழும் ஏறின. கதவைச் சாத்தினார்கள்.

"கவுருமெண்டு செஞ்சது சரிதான் டீச்சர். அதுங்க நல்லதுக்குத்தான். சர்க்கஸு கூண்டெல்லாம் ஒரு கூண்டா? ஆனா நானும் கூட வருவேன்னு நெனச்சிதான் ஏறுச்சுங்க."

அதற்குப் பிறகு போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். போனால் அவை எழுந்து கம்பிக்கிட்டே வரும், கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறேன் என்று நினைக்கும், எப்படிப் போவது என்றார். உருவிய கீரையை என் முறத்தில் கொட்டிவிட்டு அறைக்குப் போய்விட்டார். நான் அந்தக் கீரையைச் சமைக்கவே இல்லை. மனசு அப்படி இருந்தது.

இரண்டாயிரத்துப் பத்தில், ஒரு பங்குனிச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, வனத்துறையிலிருந்து ஒரு அதிகாரியும் இரண்டு ஊழியர்களும் வந்தார்கள். கையில் சாக்கு, நீளக் கழி. அதிகாரி மரியாதையான மனிதர், சின்ன வயது. ஒரு கடிதத்தைக் காட்டினார். என்னிடம் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போன ஒரு பெண் எழுதிய மனு. உடும்பு அரிய உயிரினம், அதை வீட்டில் அடைத்து வைப்பது குற்றம், கண்டால் தெரிவிப்பது நம் கடமை என்றெல்லாம் நான் சொல்லிக்கொடுத்த வாக்கியங்களே அதில் வரிசையாக இருந்தன. கடைசியில், வீட்டு உரிமையாளரான விலங்கியல் ஆசிரியையே இதை வகுப்பில் பலமுறை உறுதி செய்திருக்கிறார் என்று முத்தாய்ப்பு. நல்ல பிள்ளை அவள். இன்றைக்கும் அவள்மேல் எனக்கு வருத்தமில்லை.

அது உடும்பு இல்லை சார், இகுவானா, நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன். நாலு வருஷமாக வாயில் இருந்த வார்த்தை அப்போதுதான் வெளியே வந்தது.

"நாலு வருஷமா உடும்புன்னு சொல்லிட்டு, நாங்க வந்து நிக்கும்போது இல்லன்னா எப்பிடி மேடம்? நான் நம்பறேன்னே வச்சிக்குங்க, மேல கேட்டா என்னா எழுதறது? வெவரம் தெரிஞ்சவங்க ஒருத்தர் எழுத்துல குடுக்கட்டும். அன்னைக்கே திருப்பிக் குடுத்துடறேன்."

அவர் கேட்டதில் தப்பில்லை. ஊழியர்கள் கழியை மரத்தில் நீட்டினார்கள். துரை உச்சிக்குப் போய்விட்டது. முருங்கையில் ஆள் ஏற முடியாது, காலை வைத்தால் கிளை ஒடிந்துவிடும். ஏணி சாத்திப் பார்த்தார்கள், அதற்கும் ஒரு கிளை போயிற்று. தெருவில் கூட்டம் கூடிவிட்டது. கூட்டத்தில் யாரோ, அந்தப் பெரியவர் கூப்பிட்டால் தானாக இறங்கும் என்று எடுத்துக் கொடுத்தார்கள்.

அதிகாரி மாஸ்டர் பக்கம் திரும்பி, அப்படியா, கூப்பிட்டால் வருமா என்று கேட்டார்.

"வரும்," என்றார் மாஸ்டர்.

"அப்ப கூப்பிடுங்க பெரியவரே. வேலை முடிஞ்சிடும்."

"நான் கூப்பிட்டா வரும் சார். அதனாலதான் கூப்பிட மாட்டேன்."

அதிகாரி பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னார். பிராணியை ஒப்படைக்க மறுத்தால் கேஸ் எழுத வேண்டியிருக்கும், கைது செய்து கோர்ட்டில் நிறுத்த வேண்டியிருக்கும், இது ஜாமீன் சுலபமாகக் கிடைக்கிற சட்டம் இல்லை என்றார். எழுதிக்கொள்ளுங்கள் சார் என்று சொல்லிவிட்டு மாஸ்டர் துவைக்கிற கல்லில் மரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். இரண்டு கையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அதிகாரி ஜீப்பை வரச்சொல்லப் போனை எடுத்துக்கொண்டு தெருப்பக்கம் போனார்.

எனக்கு எதுவும் ஓடவில்லை. எழுபத்துமூன்று வயது மனிதர், சர்க்கரை வேறு, ஒரு கண்ணில் பார்வை மங்கிக்கொண்டிருந்தது. என் வாய்க்கொழுப்புக்கு அவர் போய் லாக்கப்பில் உட்காருவதா? சிதம்பரத்தில் எனக்கு எம்.எஸ்ஸி. நடத்திய பேராசிரியர் இருக்கிறார், ஒரு பஸ் பிடித்துப் போனால் சாயங்காலத்துக்குள் கடிதம் வாங்கிவிடலாம், துரை ஒருநாள் அங்கே இருந்துவிட்டு வரட்டுமே என்று தோன்றியது. அப்போது அது எவ்வளவு சரியாகத் தெரிந்தது என்று இப்போது சொன்னால் யாரும் நம்பமாட்டீர்கள். ஜன்னலோரம் இருந்த எனாமல் தட்டை எடுத்தேன். மூன்று தட்டு தட்டி, நாக்கைச் சொடுக்கினேன். நாலு வருஷமாகத் தினமும் கேட்ட சத்தம். அப்படியே வந்தது.

துரை தலையைத் திருப்பியது. இறங்க ஆரம்பித்தது.

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டைத்தான் பார்த்தார்.

"டீச்சர், தட்டுல ஒண்ணுமில்ல," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். பூ வைக்க வேண்டும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. துரை வழக்கம்போல் இறங்கி வந்து, என் முட்டியில் முன்னங்காலை வைத்து, தட்டுக்குள் பார்த்தது. அந்த நேரத்தில் சாக்கு விழுந்தது. ஊழியர்கள் கெட்டிக்காரர்கள், ஒரு கீறல்கூடப் படாமல் கட்டிவிட்டார்கள். சாக்கு ஜீப்புக்குப் போகும்வரை உள்ளே அசைந்துகொண்டே இருந்தது. மாஸ்டர் கக்கத்திலிருந்து கையை எடுக்கவே இல்லை.

அன்றைக்கே சிதம்பரம் போனேன். பேராசிரியர் மகள் பிரசவத்துக்காக வெளியூர் போயிருந்தார். நாலு நாள் கழித்துப் போனேன், வீடு பூட்டியிருந்தது. ஒன்பதாம் நாள்தான் ஆளைப் பிடித்தேன். செல்போனில் இருந்த படத்தைப் பார்த்தவுடனேயே, இதைப் போய் நீயாம்மா உடும்பு என்றாய் என்று கேட்டார். நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம் எழுதிக் கொடுத்தார், அதைவிட அதிகமாகத் திட்டும் கொடுத்தார். அந்தத் திட்டு எனக்கு வேண்டியிருந்தது.

அந்த ஒன்பது நாளும் மாஸ்டர் ஈரத்துணியில் செம்பருத்திப் பூவைச் சுற்றிக்கொண்டு டவுன் பஸ்ஸில் வனத்துறை ஆபீசுக்குப் போய் வந்தார். அதிகாரி தடுக்கவில்லை. கூண்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொடுக்கச் சொன்னாராம். உடும்பு என்று நினைத்து முட்டை வைத்திருந்தார்கள், அதை அது மோந்துகூடப் பார்க்கவில்லை. பூவையும் தொடவில்லை. "என் கையிலேருந்துகூட வாங்கல டீச்சர்," என்று ஒருநாள் பஸ் இறங்கி வந்து சொன்னார். எனக்கு அவர் முன்னால் நிற்க முடியவில்லை. அடுப்பில் ஏதோ இருக்கிறதுபோல உள்ளே போய்விட்டேன்.

கடிதம் கொடுத்த அன்று மாலையே அதிகாரி துரையைத் தன் ஜீப்பிலேயே கொண்டுவந்தார். மாஸ்டர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். பெரிய மனசு. கூண்டைத் திறந்ததும் துரை யாரையும் பார்க்காமல் முருங்கையில் ஏறியது. அன்றைக்குப் பொழுது சாய்ந்தும் இறங்கவில்லை. மறுநாளும் இல்லை. மாஸ்டர் இலையும் பூவும் தட்டில் வைத்துக் கல்லின்மேல் விட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ஆள் இல்லை என்று தெரிந்தால் வந்து தின்றுவிட்டு ஏறிவிடும். இளைத்த உடம்பு ஒரு மாதத்தில் தேறியது. ஆனால் யார் கிட்டேயும் வரவில்லை. மாஸ்டர் அதற்குப் பிறகு ஒருநாளும் தட்டைத் தட்டவில்லை.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, என்னைத் திட்டுங்கள் மாஸ்டர், இரண்டு வார்த்தை திட்டிவிட்டால் நான் நிம்மதியாகச் சோறு தின்பேன் என்று அவரிடம் அழுதேவிட்டேன்.

"எதுக்குத் திட்டணும்? நீங்க நல்லதுக்குத்தான் பண்ணீங்க," என்றார். தட்டில் இலையை வைத்துக்கொண்டே, "நானும் நல்லதுக்குன்னுதான் லாரியில ஏத்துனேன்," என்றார்.

அதற்கு அவர் என்னைத் திட்டியே இருக்கலாம்.

மறு வருஷம் மாசியில் அவருக்கு இன்னொரு கண்ணும் மங்கத் தொடங்கியது. மகள் வந்து, இனி தனியாக இருக்கக் கூடாது, சிதம்பரத்துக்கு வந்துவிடுங்கள் என்று கட்டாயப்படுத்தினாள். அவள் வீட்டுக் கொல்லையில் ஒரு கொய்யா மரம் இருந்தது, துரைக்கு அது போதும் என்றார் மாஸ்டர். சாமானையெல்லாம் கட்டி வைத்தார். மருமகன் வேன் கொண்டுவந்தார். துரை மரத்திலேயே இருந்தது.

"கிள்ளையிலேருந்து வலைக்காரங்க ரெண்டு பேரக் கூட்டியாரேன் மாமா. அஞ்சு நிமிஷ வேலை," என்றார் மருமகன்.

"அது வரும்போது நான் வரேன் மாப்ள. நீங்க போங்க."

மருமகன் சாமானை மட்டும் ஏற்றிக்கொண்டு, முணுமுணுத்துக்கொண்டே போனார். காலி அறையில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு மாஸ்டர் பதினாறு நாள் இருந்தார். காலையில் ஒரு பூவை உள்ளங்கையில் வைத்து, கையை முட்டியின்மேல் விரித்து, கல்லில் உட்காருவார். கூப்பிடவில்லை. மரத்தைப் பார்க்கவும் இல்லை. பூ வாடினால் வேறு பூ. மகள் தினமும் என் போனுக்குக் கூப்பிட்டுத் திட்டுவாள். அவரிடம் கொடுத்தால், வரேம்மா என்பார். அவர் வரேன் என்றால் வருவார் என்று அவளுக்கும் தெரியும்.

பதினேழாம் நாள் காலை பத்தரை மணி இருக்கும். பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, சமையல்கட்டு ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். துரை இறங்கியது. அடிமரத்தில் தலைகீழாக வெகுநேரம் நின்றது. பிறகு தரைக்கு வந்து, கல்லைச் சுற்றிக்கொண்டு போய், அவர் முட்டியில் ஏறியது. பூவைத் தின்றது. மாஸ்டர் அசையவில்லை. அது கையில் ஏறி, தோளில் ஏறி, கழுத்தோரம் வயிற்றை வைத்துப் படுத்துக்கொண்டது. அப்புறம்தான் அவர் மெதுவாக எழுந்தார். பிரம்புக் கூடை வாசலிலேயே இருந்தது, அதை அவர் எடுக்கவில்லை. தோளில் துரையோடு அப்படியே தெருவுக்கு நடந்தார். எங்கள் வீட்டுக்காரர் ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தார். பஸ் ஸ்டாண்டு வேண்டாம், சிதம்பரத்துக்கே விடு என்று அவரே பேசி முடித்தார். துரை பக்கத்தில் நின்றுகொண்டுதான் பேசினார், பயப்படவும் மறந்துபோயிருந்தார்.

மாஸ்டர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார். அவரிடம் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டாகிவிட்டது. அவர் கழுத்தோரம் இருந்த தலையைப் பார்த்தேன். ஒரு கண் என்னைப் பார்த்தது. தாடைத் தோல் விறைத்துக்கொண்டது. டிரைவர் கேட்டால் கேட்கட்டும் என்று சொன்னேன்:

"துரை, நான் பண்ணது தப்பு. மன்னிச்சுக்கோ."

மாஸ்டர் துரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் நிஜமாகவே ஒரு வருத்தம் இருந்தது.

"அந்த வார்த்தைய நான் அதுக்குப் பழக்கலியே டீச்சர்," என்றார்.

பழக்க முடியுமா மாஸ்டர் என்று நான் கேட்பதற்குள் ஆட்டோ கிளம்பிவிட்டது.